தொண்ணூறு பேரில் ஒரு குரல்

கல்யாணராமனுக்குப் பாடத் தெரியாது, கேட்கத் தெரியும். மதுரையில் கச்சேரிகளுக்கு வந்துபோகிற யாரை விசாரித்தாலும் இதைச் சொல்வார்கள். பாடுகிறவர் தொண்டையைச் செருமிவிட்டு ஆலாபனையின் முதல் பிடியைத் தொடுவதற்குள், ராகத்தின் பெயரைப் பக்கத்து நாற்காலிக்காரர் காதில் போட்டுவிடுவார். எங்கேயாவது ஒரு ஸ்வரம் பிசகினால், தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் அவருடைய வலது கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றுவிட்டுத் தொடரும். வாய் திறந்து குறை சொல்கிற பழக்கம் கிடையாது. கை நிற்கும், அவ்வளவுதான். முன்வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தால் மேடையிலிருக்கிற இளசுகள் அந்தக் கையைத்தான் பார்ப்பார்கள்.

மின்வாரியத்தில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். திருப்பரங்குன்றத்தில் ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் வீடு. மனைவி அகிலாண்டம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். தை மாதம் அவளுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகி, இப்போது சுவரைப் பிடிக்காமல் நடக்கிற அளவுக்குத் தேறியிருந்தாள். ஒரே மகள் ராஜஸ்ரீ ஜெர்மனியில் இருக்கிறாள். காற்றாலை இறக்கைகளை வடிவமைக்கிற கம்பெனியில் வேலை.

பங்குனியில் ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தபோது, ராஜஸ்ரீயிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது.

‘அப்பா, போன மாசம் எங்க ஊர் சர்ச்சுல ஒரு ஓரடோரியோ பாடினோம். ஜனங்க உட்கார்ந்து கேக்கும்போதே பதிவு பண்ணினது. கோரஸ்ல நானும் இருக்கேன். முடிஞ்சா கேளு. அம்மா முட்டி எப்படி இருக்கு?’

கீழே ஒரு இணைப்பு.

கல்யாணராமன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். ‘கோரஸ்ல நானும் இருக்கேன்’ என்கிற வரி உள்ளே இறங்கவே நேரமாயிற்று. ராஜி பாடுகிறாளா?

அவள் பாட்டை நிறுத்திப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஆறு வயதில் சரளி வரிசையில் ஆரம்பித்து, கல்லூரி முடிக்கும்வரை விடாமல் கற்றுக்கொண்டவள். ஒரு நவராத்திரியில் சிம்மக்கல் பக்கம் ஒரு மண்டபத்தில் அவளுக்குக் கச்சேரி. முதல் ஒரு மணி நேரம் எந்தக் குறையும் இல்லை. பிரதானப் பாட்டில் கல்பனாஸ்வரம் பாடும்போது, பாட்டு வரியை மறுபடி தொடங்கவேண்டிய எடுப்பைத் தவறவிட்டாள். சமாளித்துத் திரும்பி வந்து, மறுபடியும் தவறவிட்டாள். மூன்றாம் தடவை குரலே எழும்பவில்லை. மிருதங்கக்காரர் நல்ல மனிதர். தானாகச் சிறிது நேரம் வாசித்து இடத்தை நிரப்பினார். பிறகு அவசரமாக மங்களம் பாடி முடித்துக்கொண்டார்கள்.

முன்வரிசையில் கல்யாணராமனின் கை நின்றது. அதை அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது, “இதெல்லாம் சகஜம்மா. பெரிய வித்வான்களுக்கே நடந்திருக்கு” என்று மனசாரத்தான் சொன்னார். “சரிப்பா” என்றாள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து பாட்டு வரவில்லை. சண்டையில்லை, அழுகையில்லை. மேற்படிப்பு, வேலை, வெளிநாடு என்று வாழ்க்கை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும். குளிர் எப்படி, சமையல் என்ன, அம்மா மாத்திரை சாப்பிட்டாளா. பாட்டைப் பற்றி மட்டும் அவளும் பேசமாட்டாள், இவரும் பேசமாட்டார்.

“ஏன்னா, போனையே பார்த்துண்டு உக்காந்திருக்கேளே, என்ன?” என்று அகிலாண்டம் கேட்டாள்.

“ராஜி பாடியிருக்காளாம்.”

அகிலாண்டம் மெதுவாக நடந்துவந்து அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். “போடுங்கோ” என்றாள்.

போனின் ஒலி போதாதென்று பழைய ஆம்ப்ளிஃபயரைத் தூசி தட்டி, இரண்டு ஸ்பீக்கரையும் இணைத்து, கல்யாணராமன் பாட்டைப் போட்டார். முதலில் இருமல் கேட்டது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். பிறகு வயலின்கள், பெரிய மரவாத்தியங்கள் ஏதோ, அப்புறம் ஆணும் பெண்ணுமாக ஒரு பெருங்கூட்டம் ஒன்றாகப் பாட ஆரம்பித்தது. ஒன்றாக என்றும் சொல்ல முடியாது. ஒரு கும்பல் ஒரு வரியைப் பாடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கும்பல் அதே வரியை வேறு இடத்தில் ஆரம்பித்தது. அது முடிவதற்குள் கீழேயிருந்து கனத்த ஆண் குரல்கள் கிளம்பின.

அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“ஒருத்தர் பாடி முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தர் வந்துடறா. கமகமே இல்லை. சிம்மக்கல்ல நாலு பஸ் கண்டக்டர் ஒரே சமயத்துல ஊர் பேரு சொல்லிக் கூவற மாதிரி இருக்கு.”

“ராஜி எங்க?” என்றாள் அகிலாண்டம்.

“அதைத்தான் தேடிண்டிருக்கேன்.”

அன்றைக்குத் தேடியும் கிடைக்கவில்லை. மறுநாளும் கிடைக்கவில்லை. எத்தனையோ மறைந்த வித்வான்களின் குரலைத் தேய்ந்துபோன ஒலிநாடாவில்கூட அடையாளம் சொல்கிற மனிதர், தான் பெற்ற பெண்ணின் குரலைக் கண்டுபிடிக்க முடியாமல் தவித்தார். அந்த இணைப்பின் கீழே ஆங்கிலத்தில் கொஞ்சம் விவரம் போட்டிருந்தது. இது முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தேவாலய வாத்தியக்காரர் எழுதியது. வேஷமும் நடிப்பும் இல்லாத நாடகம் மாதிரி. எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்று பாடுவார்கள். ஒருவர் கதையைச் சொல்லிக்கொண்டு போவார். நம்மூர் காலட்சேபம் போலத்தான். கதையில் ஜனங்கள் பேசவேண்டிய இடம் வரும்போதெல்லாம் கோரஸ் பாடும். அந்நிய தேசத்தில் அடைபட்டுக் கிடந்த ஒரு ஜனக்கூட்டம் தன் ஊருக்குத் திரும்பிப்போவது கதை. கோரஸில் தொண்ணூறு பேர்; யாரும் தொழில்முறைப் பாடகர் இல்லை. டாக்டர், தபால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அம்மாக்கள், காற்றாலை என்ஜினீயர்.

கதை தெரிந்ததும் கொஞ்சம் பிடிபட்டது. முதல் பாகத்தில் ஜனங்கள் புலம்புகிறார்கள், நடுவில் சண்டை போடுகிறார்கள், கடைசியில் நடக்கிறார்கள் என்று தெரிந்தது. நாலு கண்டக்டர் கூவுவது போலத் தோன்றிய இடம், ஊர் திரும்பலாம் என்ற சேதி கூட்டத்தில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பரவுகிற இடம் என்று புரிந்தபோது, அவருக்குத் தன்னை நினைத்தே லேசாகச் சிரிப்பு வந்தது. சேதி அப்படித்தானே பரவும்? எல்லாரும் வரிசையாகவா சொல்வார்கள்?

இன்னொன்றையும் கவனித்தார். ஒவ்வொரு கோரஸும் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு சத்தம் கேட்டது. காற்று வீசுகிற மாதிரி. முதலில் பதிவில் ஏதோ கோளாறு என்று நினைத்தார். காதை ஸ்பீக்கரிடம் கொண்டுபோய் வைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, அது மூச்சு. தொண்ணூறு பேர் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். ஸ்டுடியோவில் பதிவு செய்திருந்தால் அதைத் துடைத்து எடுத்திருப்பார்கள். இருமலையும், எங்கோ வெளியே போன வண்டிச் சத்தத்தையும் எடுத்திருப்பார்கள். இதில் எல்லாம் அப்படியே இருந்தது.

“அகிலம், இங்க வா. இதைக் கேளு.”

அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டினார். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

“குரல்தான் தெரியலை. இந்த மூச்சுல அவ மூச்சும் இருக்கு, பாரு” என்றார்.

அகிலாண்டம் தலையை மட்டும் அசைத்தாள். அன்று முழுவதும் அவர் அந்த மூச்சுகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அகிலாண்டத்தின் முட்டிக்குப் பயிற்சி கொடுக்க வாரம் மூன்று நாள் ஒரு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். பெயர் தமிழ்வாணி. முப்பது வயதிருக்கும். திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். தாத்தா காலத்தில் ஊரான் வயலில் கூலி வேலை. அப்பா கருப்பு சொந்தமாக இரண்டு ஏக்கர் வாங்கி விவசாயம் பார்க்கிறார். இவள் படித்து வந்துவிட்டாள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தால் வீடே கலகலப்பாகிவிடும்.

அன்றைக்கு அவள் வந்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அகிலாண்டத்தின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தவள், தன்னை அறியாமல் வாய்க்குள் ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தாள். கல்யாணராமன் திரும்பிப் பார்த்தார். ஸ்பீக்கரில் வருகிற பாட்டோடு அது ஒட்டியது. ஆனால் அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்த மெட்டு அது இல்லை.

“உனக்கு இந்தப் பாட்டு தெரியுமாம்மா?”

“இது மட்டும் தெரியும் சார். போன கிறிஸ்மஸுக்கு எங்க குழுவுல பாடுனோம். ஈஸ்டருக்கும் பாடப் போறோம்.”

“நீ கிறிஸ்டியனா? கருப்புசாமின்னு ஏதோ குலதெய்வம் சொன்னியே?”

“சாமி கருப்புதான் சார். காலேஜ்ல ஹாஸ்டல் பிள்ளைகளோட போயி சர்ச்சுப் பாட்டுக் கொயர்ல நின்னேன். பிடிச்சுப்போச்சு, விட முடியல. கோரிப்பாளையத்துப் பக்கம் ஒரு ஹால்ல சனிக்கிழமை சனிக்கிழமை பிராக்டிஸ். எல்லாச் சாமிக்காரங்களும் இருக்கோம்.”

“நீ இப்போ முணுமுணுத்தியே, அது என்ன? பாட்டுல அது இல்லையே?”

“இருக்கு சார். அது ஆல்டோ. பொம்பளைங்கள்ல ரெண்டாவது குரல். மேல பாடுறவங்களுக்கும் ஆம்பளைங்களுக்கும் நடுவுல இருக்கும். சட்டுனு காதுல விழாது.”

கல்யாணராமன் பாட்டை நிறுத்தினார். ராஜியின் குரல் எப்போதுமே சற்றுக் கீழ்ச் சுருதிதான். அதற்காகவே தம்பூராவை இறக்கிச் சேர்ப்பார்கள். அவள் இரண்டாவது குரலில்தான் இருக்க வேண்டும். இத்தனை நாளாக அவர் மேலே தேடிக்கொண்டிருந்தார்.

“எங்க பொண்ணு இதுல பாடறா. எப்படிக் கேட்டாலும் அவ குரல் தெரியவே மாட்டேங்கறது” என்று தமிழ்வாணியிடம் சொன்னார்.

தமிழ்வாணி சிரித்துவிட்டு, “எங்கப்பாவும் இதைத்தான் கேப்பாரு. அம்புட்டுப் பேருக்குள்ள ஒன் குரல் எங்க, ஆத்தான்னு. தனியாக் கேட்டுச்சுன்னா நான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்னு அர்த்தம்ப்பான்னு சொன்னேன்” என்றாள். “ஒங்க பொண்ணு நல்லாப் பாடுதுன்னு வைங்க சார், கேக்கவே கேக்காது.”

கல்யாணராமனுக்கு இது புரிபட நேரம் பிடித்தது. அவர் கேட்டு வளர்ந்த சங்கீதத்தில் ஒரு குரல்தான் ராஜா. வயலினும் மிருதங்கமும் அதன் பின்னால் வரும். தன் குரல் கேட்காமல் போவதற்காக ஒருத்தி பாடுவாளா?

“சனிக்கிழமை வாங்க சார். பக்கத்துல உக்காந்து கேட்டா வெளங்கிரும்” என்று சொல்லிவிட்டு, “அம்மா, நீங்க கால இறக்குங்க, நான் பாட்டுக்குப் பிடிச்சிக்கிட்டே இருக்கேன்” என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் டவுன்பஸ் பிடித்துச் சிம்மக்கல்லில் இறங்கி, பாலத்தைத் தாண்டி அந்த ஹாலுக்குப் போனார். முப்பது பேர் போல இருந்தார்கள். மின்விசிறிகள் கடகடத்தன. எதிரே கீபோர்டின் முன்னால் நின்றுகொண்டிருந்த வாத்தியார் அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். தமிழ்வாணி அவரை ஆல்டோ பெண்களுக்கு நேர் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள்.

முதலில் ஆல்டோவை மட்டும் பாடச் சொன்னார்கள். கேட்டால் ஒன்றுமே இல்லை போலிருந்தது. ஒரே ஸ்வரத்தில் நெடுநேரம் நிற்கிறது, ஒரு படி இறங்குகிறது, மறுபடியும் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. இதையா என் பெண் வாராவாரம் போய்ப் பாடுகிறாள் என்று மனசுக்குள் நினைத்தார். பிறகு எல்லாரும் சேர்ந்தார்கள். மேலே சோப்ரானோ என்கிற முதல் குரல் பறந்தது. கீழே ஆண்கள் கனமாக நடந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்ததால் நடுவில் அந்த ஒரே ஸ்வரம் நிற்பது அவருக்குத் தெளிவாகக் கேட்டது. சுற்றிலும் மற்றவர்கள் மாற மாற, அசையாமல் நிற்கிற அந்த ஸ்வரத்தின் முகமும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் துக்கமாக இருந்தது, கீழ்க்குரல் ஒரு படி நகர்ந்ததும் அதே ஸ்வரம் ஆறுதலாகிவிட்டது.

வாத்தியார் என்ன நினைத்தாரோ, “ஆல்டோ, ஒரு தடவை சும்மா இருங்க” என்று அவர்களை நிறுத்திவிட்டு மற்றவர்களைப் பாடச் சொன்னார். மெட்டு இருந்தது, தாளம் இருந்தது, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் உப்பில்லாத ரசம் மாதிரி ஆகிவிட்டது. கல்யாணராமன் வாய்விட்டே, “அடடா” என்றார். முன்னாலிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்தவுடன் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். இப்போது காது வேறாக இருந்தது. மேலே போகிற மெட்டை விட்டுவிட்டு, நடுவில் ஓடுகிற அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டார். சில இடத்தில் நழுவிப்போகும். மறுபடியும் தேடிப் பிடிப்பார். இருபது, இருபத்தைந்து பெண்கள் ஒரே குரலாகப் பாடுகிறார்கள். அதற்குள் ராஜி இருக்கிறாள். தனியாகத் தெரியாவிட்டால் என்ன, எங்கே இருக்கிறாள் என்று தெரிகிறதே. கூட்டத்தில் மகள் எந்த வரிசையில் நிற்கிறாள் என்று தெரிந்துகொண்ட தகப்பனுக்கு வருகிற நிம்மதி அது. அப்புறம் அவர் தேடுவதை விட்டுவிட்டார். பாட்டைக் கேட்க ஆரம்பித்தார்.

அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம்தான் அது நடந்தது.

இரண்டாம் பாகத்தில் ஓரிடம். கதையில் ஜனங்கள் தங்கள் ஊரைத் தூரத்திலிருந்து பார்க்கிறார்கள். வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்துவிடுகின்றன. சர்ச்சு முழுக்க நிசப்தம். யாரும் இருமக்கூட இல்லை. அந்த நிசப்தத்துக்குப் பிறகு ஆல்டோதான் முதலில் தொடங்க வேண்டும். இந்த இடத்தை முன்பு எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறார். மேல்குரலுக்காகக் காத்திருந்ததால் கவனித்ததே இல்லை. இன்றைக்கு ஆல்டோவுக்காகக் காத்திருந்தார்.

மற்றவர்கள் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போதே, ஒரே ஒரு குரல் வந்துவிட்டது. அரை மாத்திரை முன்னால். ஒரு எழுத்துதான். அடுத்த கணம் மற்ற பெண்கள் வந்து அதை மூடிக்கொண்டார்கள். அதற்கு மேல் ஆண்கள், அதற்கு மேல் வயலின்கள், எல்லாம் பெருகிப் போய்விட்டது.

கல்யாணராமன் எழுந்து நின்றுவிட்டார்.

சமையலறையிலிருந்து அகிலாண்டம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “ராஜி” என்றாள். “இப்போ ராஜி குரல் கேட்டுதே?”

அவர் அந்த இடத்தை மறுபடியும் போட்டார். நிசப்தம், அந்த ஒரு எழுத்து, கூட்டம். மறுபடியும் போட்டார். சந்தேகமே இல்லை. சற்றே கரகரப்பான, கீழேயிருந்து எழும்புகிற குரல். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே ‘அம்மா’ என்று கூப்பிடுகிற குரல்.

அகிலாண்டம் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கல்யாணராமனுக்கு முதலில் பொங்கிய சந்தோஷம் வடிந்துவிட்டது. தமிழ்வாணி சொன்னது ஞாபகம் வந்தது. தனியாகக் கேட்டால் தப்பு. எடுப்பைத் தவறவிட்டிருக்கிறாள். அன்றைக்கு நடந்த அதே பிசகு. சர்ச்சு நிறைய ஜனங்கள், அத்தனை நிசப்தம், பதிவும் ஆகிவிட்டது. பதினோரு வருஷம் கழித்து எப்படியோ தைரியம் வந்து வாயைத் திறந்தவள், இதற்குப் பிறகு என்ன ஆனாள்?

“இப்பவே பேசுங்கோ” என்றாள் அகிலாண்டம், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு.

“வேலை நேரமா இருக்கும்.”

“அங்க இப்போ மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான். பேசுங்கோ.”

மணி அடித்ததும் ராஜஸ்ரீ எடுத்துவிட்டாள். பின்னால் தட்டு, கரண்டிச் சத்தம் கேட்டது. “என்னப்பா, அம்மாக்கு ஒண்ணுமில்லையே?”

“அம்மா நன்னா இருக்கா. நீ அனுப்பினதைக் கேட்டுண்டிருந்தோம்.”

மறுமுனையில் கரண்டியைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது.

“ரெண்டாம் பாகத்துல…” என்று ஆரம்பித்தார்.

“கண்டுபிடிச்சுட்டியா?” என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது. “நான் மட்டும் முன்னாடி குதிச்ச இடம். அதுதானே?”

“ஆமாம்.”

“நினைச்சேன், நீ கண்டுபிடிச்சுடுவேன்னு.”

“ஜனங்க யாராவது ஏதாவது சொன்னாளா?”

“பக்கத்துல நின்னவ சிரிப்பை அடக்க முடியாம என் கையைக் கிள்ளிட்டா. அதுக்குள்ள எல்லாரும் வந்துட்டாளே அப்பா. விழறதுக்குள்ள தொண்ணூறு பேர் பிடிச்சுண்டா மாதிரி இருந்தது. எனக்குப் பயப்படவே நேரம் இல்லை, அடுத்த வரி வந்துடுத்து. இடைவேளைல எங்க வாத்தியார் வந்து, நீ சரியாத்தான் வந்தே, நாங்கதான் லேட்டுன்னார்.”

கல்யாணராமனுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு சுலபமாகவா?

“அதை எடுத்திருக்கலாமே? ஒத்திகையும் பதிவு பண்ணியிருப்பாளே, அதுலேர்ந்து வெட்டி ஒட்டியிருக்கலாம்.”

“பதிவு பண்ணினவா கேட்டா. மாத்திடட்டுமான்னு என்னைக் கூப்பிட்டே கேட்டா. நான்தான் வேண்டாம், அப்படியே இருக்கட்டும்னு சொன்னேன்.”

“ஏம்மா?”

கரண்டிச் சத்தம் தூரத்துக்குப் போயிற்று. எழுந்து வெளியே வந்துவிட்டாள் போலிருக்கிறது.

“உனக்கு அனுப்பணும்னு நினைச்சேன். அதையும் எடுத்துட்டா, இத்தனை பேர்ல என்னை எப்படிப்பா கண்டுபிடிப்பே?”

கல்யாணராமன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அகிலாண்டம் போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

“ராஜி, அப்பா அழறார்” என்றாள்.

“அழலை” என்றார் அவர். “நீ எத்தனை வருஷமாப் போயிண்டிருக்கே?”

“நாலு வருஷம். முதல் வருஷம் வாயை மட்டும் அசைச்சேன். யாருக்கும் தெரியாது. அப்புறம் ஒருநாள் பக்கத்துல இருக்கறவளோட குரல்லயே என் குரலும் போறது தெரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி உன்கிட்ட சொல்லணும்னு நினைச்சேன். சொல்ல வரலை.”

“ஆல்டோ பாடறது கஷ்டம்தான். ஒரே ஸ்வரத்துல நிக்கணும்” என்றார் கல்யாணராமன்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

தமிழ்வாணியைப் பற்றி, கோரிப்பாளையத்து ஹாலைப் பற்றி, ஆல்டோவை நிறுத்தியதும் பாட்டு சப்பென்று போனதைப் பற்றி எல்லாம் சொன்னார். அவள் குறுக்கே குறுக்கே கேட்டுக்கொண்டே இருந்தாள். முதல் பாகத்தில் புலம்புகிற கோரஸ் எப்படி? கதை சொல்கிறவர் கடைசியில் கொஞ்சம் களைத்துப் போயிருந்தார், கவனித்தாயா? அவருக்கு அன்று ஜுரம். பதினோரு வருஷமாக அவர்கள் பேசாத பேச்சு. சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது என்று அவளும் சொல்லவில்லை, அடுப்பில் பால் இருக்கிறது என்று அகிலாண்டமும் சொல்லவில்லை.

“கடைசி கோரஸ்ல எங்க வரி எப்படிப் போறதுன்னு பாடிக் காட்டட்டுமா?” என்று ராஜஸ்ரீயே கேட்டாள்.

பாடினாள். மைதானம் மாதிரி ஏதோ திறந்த வெளி. காற்று போனில் உராய்ந்தது. முன்பைவிடக் குரல் கனத்திருந்தது, கொஞ்சம் வயதும் ஏறியிருந்தது. அந்த எளிய வரி அவள் வாயில் ஏறி இறங்கி நின்றது. அகிலாண்டம் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

“இப்ப நீ கீழ்க்குரல் பாடுப்பா. ரெண்டே ஸ்வரம்தான் வரும். ஸா, அப்புறம் கீழ் பா.”

“எனக்கெங்கடி பாட வரும்?”

“யாரு சொன்னா? நீ மோசமாப் பாடிக்கூட நான் கேட்டதில்லை.”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் தப்பிக்க வழி எதுவும் இல்லை. செருமிக்கொண்டு ஸட்ஜத்தைப் பிடித்தார். நாற்பது வருஷம் அடுத்தவர் சுருதியை அளந்த மனிதருடைய சுருதி கொஞ்சம் கீழேதான் இருந்தது. குரல் நடுங்கியது. மறுமுனையில் ராஜஸ்ரீ சிரிக்கவில்லை. தன் வரியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆனால் சேரவில்லை. இவர் பாடுவது அங்கே போய்ச் சேர்வதற்குள் அவள் அடுத்த ஸ்வரத்துக்கு நகர்ந்துவிடுகிறாள். அவளுக்காக இவர் காத்திருந்தால் அவளும் இவருக்காகக் காத்திருக்கிறாள். மூன்று தடவை முயன்று பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் எங்கேயோ போய் முட்டிக்கொண்டது. மூன்றாவது தடவை இருவரும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டார்கள்.

“போன்ல நடக்காதுப்பா. குரல் வந்து சேர நேரமாறது. ஒரே ரூம்ல நின்னாதான் வரும்.”

“அப்போ?”

“ஜூன்ல லீவு போட்டுண்டு வரேன். மூணு வாரம். அதுக்குள்ள நீ கத்துண்டு வை.”

போனை வைத்த பிறகுதான் சமையலறைக்குப் போய்ப் பார்த்தார்கள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. கல்யாணராமனே போய்த் துடைத்தார்.

மறுநாள் தமிழ்வாணி வந்து பயிற்சியை முடித்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தபோது அவர் வாசல்வரை கூடவே போனார்.

“ஏம்மா, உங்க குழுவுல கீழ்க்குரலுக்கு ஆள் எடுப்பாளா? வயசு வரம்பு ஏதாவது உண்டா?”

தமிழ்வாணி அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். “பேஸ்ல நாலு பேர்தான் சார் இருக்காங்க. அதுல ஒருத்தரு துபாய்க்குப் போறாரு. வாங்க. குரல் எம்புட்டு வரும்?”

“தெரியாது. இதுவரை பாடினதில்லை.”

“சரி, அதப் பாத்துக்கலாம். நான் போறேன் சார், சனிக்கிழமை லேட்டா வந்துறாதீங்க” என்று வண்டியைக் கிளப்பினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அகிலாண்டமும் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். பஸ் படியேற முட்டி ஒத்துழைக்குமா என்று அவர் தயங்கினார். “ஏறிப் பார்த்தாத்தானே தெரியும்” என்று சொல்லிவிட்டு அவள் கதவைப் பூட்டினாள். பஸ் வந்ததும் கம்பியைப் பிடித்து நிதானமாக ஏறினாள். அவர் பின்னாலேயே ஏறி, கண்டக்டரிடம் இரண்டு சிம்மக்கல் வாங்கினார்.